ஈர்க்கில் மூலக்கூறும் போன் ஏ.ஆர்.உம்: இரண்டையும் ஒரே மேசையில் பொருத்துவது எப்படி?

கேள்வி: கிளி_இரசாயனம்

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் உயர்தர வகுப்பு, 34 பிள்ளைகள். கட்டமைப்பும் பிணைப்பும் அலகுக்கு மூலக்கூறு மாதிரியுருக்களையும் போனில் பார்க்கிற ஏ.ஆர். (மிகை மெய்ம்மை) படங்களையும் சேர்த்துப் பாவிக்க யோசனை. கையில் இருப்பது பந்து-குச்சிப் பெட்டி ஒன்று (ஐதரசன் பாதி தொலைந்துவிட்டது), அன்ட்ரொயிட் போன் 4, ஐபோன் 1, மடிக்கணினி 1. பாடசாலைக்குள் சிக்னல் ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு. வகுப்பறை அரைச்சுவர், காலை வெயில் நேரே மேசையில் விழும்.

மேசையில் மூலக்கூற்றை மிதக்கவிடுகிற செயலிகள் இரண்டு போனில் திறக்கவே இல்லை. திறந்த போன்களில் பிள்ளைகள் திரையைத்தான் பார்க்கிறார்கள், மாதிரியுரு ஒரு மூலையில் கிடக்கிறது. எனக்கு வேண்டியது அதுவல்ல. பிள்ளை கையால் தொடுகிற அதே மாதிரியுருவின்மேல் போன் எதையாவது சேர்த்துக் காட்ட வேண்டும்.

மலிவாகவும் அளவுத்திட்டத்துக்கும் மாதிரியுரு செய்வது எப்படி? இணையம் இல்லாமல் ஓடுமா? எந்த மூலக்கூறுகளுக்கு இந்தப் பாடு தகும்?


பதில் 1: ஈர்க்கில்கட்டு

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், மற்ற எல்லாம் அதில்தான் தொங்குகிறது. கை காட்டக்கூடியதைப் போனில் திரும்பக் காட்டாதேங்கோ. மெதேனின் நான்முகி வடிவம் கையிலேயே விளங்கும். அதன்மேல் இன்னொரு நான்முகியைத் திரையில் போட்டால் பிள்ளைக்கு மாதிரியுரு தேவையில்லாமல் போய்விடும். உங்கள் வகுப்பில் நடந்தது அதுதான். கையால் காட்ட முடியாதது என்ன? தனிச்சோடி இலத்திரன் (பிணைப்பில் சேராத சோடி), இருமுனைத் திருப்புதிறன் (மூலக்கூற்றின் ஏற்றம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பது), சுழலும்போது மாறும் சக்தி. அவற்றை மட்டும் போனுக்கு விடுங்கோ.

எங்கே கோடு கீறுவது என்பதற்கு ஒரு கணக்கு. 3 செ.மீ. விட்டமுள்ள பந்தில் இரண்டு துளைகளுக்கு இடையிலான நேர்த்தூரம் = விட்டம் × சைன்(கோணத்தின் பாதி). நான்முகிக் கோணம் 109.5 பாகைக்கு அது 2.45 செ.மீ. நீரின் 104.5 பாகைக்கு 2.37 செ.மீ. வித்தியாசம் 0.8 மில்லிமீற்றர். ஈர்க்கிலின் தடிப்பே 2 மில்லிமீற்றர் என்பதால், தனிச்சோடி தள்ளுவதால் கோணம் குறைகிறது என்பதை எவ்வளவு கவனமாய்த் துளைத்தாலும் கையால் காட்ட முடியாது. அதனால் நீர், அமோனியா, மெதேன் மூன்றுக்கும் ஒரே நான்முகித் துளைதான் போடுங்கோ. கோணத்தின் எண்ணையும் தனிச்சோடியையும் போன் காட்டட்டும்.

இனிச் செய்முறை.

அளவுத்திட்டம் 100 பிக்கோமீற்றர் = 4 செ.மீ. காபன், நைதரசன், ஒட்சிசனுக்கு 3 செ.மீ. ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பந்து, ஐதரசனுக்கு 2 செ.மீ. குச்சிக்குத் தென்னை ஈர்க்கிலின் அடிப்பக்கம், நன்றாய்க் காய்ந்தது. பச்சை ஈர்க்கிலைச் செருகினால் ஒரு கிழமையில் சுருங்கி ஆடத் தொடங்கும். நுனிப்பக்கம் மெல்லியது, பந்தின் பாரத்துக்கு வளையும். அடிக்கடி கழற்றிப் பூட்டும் மாதிரியுருக்களுக்குப் பழைய சைக்கிள் சில்லுக் கம்பி (2 மில்லிமீற்றர்) நல்லது, சைக்கிள் கடையில் கேட்டால் கிடைக்கும்.

குச்சியை வெட்டும்போது எல்லாரும் விடுகிற பிழை, பிணைப்பு நீளத்தை அப்படியே குச்சி நீளமாய் எடுப்பது. பிணைப்பு நீளம் ஒரு பந்தின் மையத்திலிருந்து மற்றப் பந்தின் மையம் வரை. காபன்-ஐதரசன் 109 பிக்கோமீற்றர், அதாவது 4.4 செ.மீ. அதில் காபனின் ஆரை 1.5, ஐதரசனின் ஆரை 1 போக வெளியே தெரிவது 1.9. காபனுக்குள் 1 செ.மீ., ஐதரசனுக்குள் 0.7 செ.மீ. செருக, வெட்ட வேண்டியது 3.6 செ.மீ. இதே கணக்கில் காபன்-காபன் (154) 5.2 செ.மீ., காபன்-ஒட்சிசன் (143) 4.7 செ.மீ., ஒட்சிசன்-ஐதரசன் (96) 3.0 செ.மீ., நைதரசன்-ஐதரசன் (101) 3.2 செ.மீ. செருகும் ஆழத்தை ஈர்க்கிலில் பேனையால் கோடு போட்டு வையுங்கோ, இல்லாவிட்டால் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு ஆழத்துக்கு அமத்தும்.

நான்முகித் துளைகளைப் பந்தில் குறிக்கக் கோணமானி வேண்டாம், கவராயம் போதும். அதை 2.45 செ.மீ.க்கு விரியுங்கோ. பந்தில் ஒரு புள்ளி வைத்து அதை மையமாய்க் கொண்டு ஒரு வட்டம். அந்த வட்டத்தில் எங்காவது இரண்டாவது புள்ளி. கவராயத்தை மாற்றாமல் இரண்டாவது புள்ளியிலிருந்து முதல் வட்டத்தை வெட்டுங்கோ. இரண்டு இடத்தில் வெட்டும். அவைதான் மூன்றாவது, நாலாவது புள்ளிகள். கடைசி இரண்டுக்கும் இடையிலும் 2.45 வருகிறதா என்று பாருங்கோ; 1 மில்லிமீற்றருக்கு மேல் பிழைத்தால் பந்து உருண்டை இல்லை. ரெஜிபோம் பந்தில் அச்சுப் பொருத்திய வரம்பு இருக்கும், அதை மண்தாளால் தேய்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. தளமுக்கோணத்துக்குக் கவராயம் 2.6 செ.மீ., எண்முகிக்கு 2.12 செ.மீ.

புள்ளி சரியானாலும் குச்சி மையத்தை நோக்கிப் போகாவிட்டால் கோணம் பிழைத்துவிடும். சோடாப் போத்தல் மூடியின் நடுவில் ஆணியால் துளை போட்டு, மூடியைக் கவிழ்த்துப் பந்தின்மேல் இருத்துங்கோ. விளிம்பு சுற்றிவரச் சமமாய் உட்கார்ந்தால் நடுத்துளை நேரே மையத்தைப் பார்க்கும். அதற்குள்ளால் கம்பியை விடுங்கோ. ஐதரசனுக்கு ஒரு துளைதான், கண் மட்டம் போதும்.

நிறம் பூச எனாமல், தின்னர் கலந்த பூச்சு, ஸ்பிரே எதுவும் வேண்டாம், ரெஜிபோம் கரைந்து குழி விழும். சுப்பர் குளூவும் அப்படித்தான். தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் இரண்டு பூச்சு, ஒட்டுவதற்கு வெள்ளைப் பி.வி.ஏ. பசை. காபன் கறுப்பு, ஐதரசன் வெள்ளை, ஒட்சிசன் சிவப்பு, நைதரசன் நீலம். இந்த நிறங்களின் வேர் 1865 இல் லண்டனில் ஹொஃப்மன் குரோக்கே பந்துகளால் காட்டிய மாதிரியுருக்களுக்குப் போகிறது. அவருடைய மெதேன் தட்டையாய் இருந்தது. காபனை நான்முகியாய்ப் பார்த்து வன்ற் ஹொஃப் எழுதியது 1874 இல், அவரும் கடதாசி அட்டையில் நான்முகி வெட்டித்தான் மற்றவர்களுக்கு விளக்கினார். பந்து கையில் இருந்தும் வடிவம் பிழைக்கலாம் என்பதற்கு இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.


பதில் 2: மார்க்கர்_சதுரம்

மென்பொருள் பக்கத்தை நான் சொல்கிறேன்.

மேசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏ.ஆர். எல்லா அன்ட்ரொயிட் போனிலும் ஓடாது. அதற்கென்று தனி ஆதரவு வேண்டும், மலிவான போன்களில் அது இல்லை. ஓடினாலும் உங்கள் மாதிரியுரு எங்கே நிற்கிறது என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தேவை அச்சிட்ட மார்க்கர், அதாவது கமெரா அடையாளம் கண்டு படத்தை எங்கே வைப்பது என்று கணிக்கிற கறுப்பு வெள்ளைச் சதுரம். ஏஆர்.ஜேஎஸ் என்ற இலவச நிரல் நூலகத்தை ஏ-ஃபிரேம் என்ற இன்னொன்றுடன் சேர்த்தால் ஒரு வலைப்பக்கமே ஏ.ஆர். ஆகிவிடும். செயலி நிறுவத் தேவையில்லை, கமெராவும் உலாவியும் இருந்தால் போதும். ஐபோனில் சஃபாரியில் திறக்கவும்.

மார்க்கருக்குப் பட்டைக் குறியீட்டு வகையைத் தெரிவு செய்யுங்கள், 3 × 3 கட்டம். சாதாரண 3 × 3 இல் 64 மார்க்கர் கிடைக்கும். ஆனால் பிழை பார்க்கும் வசதி அதில் இல்லை. ஒரு கட்டத்தில் விரல் நிழல் விழுந்தால் 5ஆம் மார்க்கர் வேறொரு எண்ணாக வாசிக்கப்பட்டு, நீருக்குமேல் அமோனியாவின் படம் வரும். பிழை பார்க்கும் ஹமிங் வகையில் 8 மார்க்கர்தான், ஆனால் இந்தக் குழப்பம் வெகுவாகக் குறையும். ஒரு பாடத்துக்கு 8 தாராளம். அச்சிட்ட வகையும் வலைப்பக்கத்தில் குறிப்பிடும் வகையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது, பிழைச் செய்தியும் வராது.

மார்க்கர் 6 செ.மீ. சதுரம், சுற்றிவர 1 செ.மீ. வெள்ளை விளிம்பு. கறுப்புச் சட்டத்தை ஒட்டி வெட்டிவிட்டால் மேசையின் கறுப்போடு சேர்ந்து சட்டம் மறைந்துவிடும். லமினேற் செய்யவே வேண்டாம். உங்கள் அரைச்சுவர் வகுப்பில் சாய்ந்த வெயில் பட்டால் பிளாஸ்ரிக் மினுங்கி, கறுப்பு வெள்ளையாகும். லேசர் அச்சின் கறுப்பும் சில கோணத்தில் மினுங்கும். மங்கல் தாளில் மை அச்சே நல்லது. தடித்த அட்டையில் ஒட்டுங்கள், தாள் வளைந்தால் படமும் சாயும்.

மூலக்கூற்றுக் கோப்புக்கு: பப்கெம் என்ற இலவச இரசாயனத் தரவுத் தளத்தில் மூலக்கூற்றைத் தேடி முப்பரிமாண எஸ்டிஎஃப் கோப்பை இறக்குங்கள். இருபரிமாணக் கோப்பும் அதே பெயரில் பக்கத்திலேயே இருக்கும். அதை எடுத்தால் எல்லா அணுவும் ஒரே தளத்தில் கிடக்கும், மெதேன்கூடத் தட்டையாக வரும். அவகாட்ரோ என்ற மூலக்கூறு வரையும் மென்பொருளில் திறந்து எக்ஸ்வைஇசட் கோப்பாக மாற்றி, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அணு இறக்குமதிக் கருவியால் கொண்டுவாருங்கள். அங்கே 1 அலகு = 1 ஆங்ஸ்ட்ரம், அதாவது 100 பிக்கோமீற்றர். மைய அணுவைப் பூச்சியப் புள்ளிக்கு நகர்த்த மறக்க வேண்டாம், பப்கெம் அப்படி வைத்துத் தராது. தனிச்சோடியை நீளுருண்டையாகச் செய்து பாதி ஒளிபுகும்படி விட்டு, ஜிஎல்பி (வலைப்பக்கம் திறக்கக்கூடிய முப்பரிமாணக் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்யுங்கள்.

சில கனிம மூலக்கூறுகளுக்கு முப்பரிமாணக் கோப்புக் கிடைக்காது. பொசுபரசு பென்ராகுளோரைட்டை நீங்களே எழுதலாம்: பொசுபரசு பூச்சியத்தில், நடுத்தளத்தில் 2.02 ஆங்ஸ்ட்ரம் தூரத்தில் 120 பாகை இடைவெளியில் மூன்று குளோரீன், ஒன்றை (2.02, 0) இல் வைத்தால் மற்ற இரண்டும் (-1.01, 1.749), (-1.01, -1.749); மேலும் கீழும் 2.14 இல் ஒவ்வொன்று. அச்சுப் பிணைப்பு நீளம் கூட என்பதும் அப்போது தானாகவே காட்டப்படும்.

பந்துகளின் முகங்களைக் குறையுங்கள். பிளெண்டரின் வழக்கமான கோளத்தில் 960 முக்கோணங்கள். எதனோலின் 9 அணுவுக்கு அது பரவாயில்லை. 1000 அணுவுள்ள புரதத்தில் பத்து இலட்சத்தை நெருங்கி, போன் சூடாகி இழுபடும். 320 முக்கோணமுள்ள ஐக்கோ கோளம் கண்ணுக்கு அதே உருண்டைதான்.

இனிப் பொருத்தும் இடம். இதை ஆறுதலாக வாசியுங்கள், பெரும்பாலானோர் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஏஆர்.ஜேஎஸ் இல் மார்க்கரின் அகலம்தான் 1 அலகு. உங்கள் மார்க்கர் 6 செ.மீ., மாதிரியுருவில் 1 ஆங்ஸ்ட்ரம் 4 செ.மீ. ஆகவே ஜிஎல்பியின் அளவு 4 ÷ 6 = 0.667. மாதிரியுருவின் மைய அணு பலகையிலிருந்து 12 செ.மீ. உயரத்திலும் மார்க்கரின் நடுவிலிருந்து 9 செ.மீ. பின்னாலும் நின்றால், இடம் மேலே 2, பின்னால் 1.5. மார்க்கரையும் தாங்கு குச்சியையும் ஒரே பலகையில் ஒட்டிவிட்டால் பலகையைச் சுழற்ற, பந்தும் படமும் சேர்ந்தே சுழலும்.

ஆனால் 12உம் 9உம் கூடிப்போன எண்கள். மார்க்கரிலிருந்து மைய அணு 15 செ.மீ. தள்ளி நிற்கிறது. மார்க்கரின் சாய்வைப் போன் 1 பாகை பிழையாகக் கணித்தாலே படம் 2.6 மில்லிமீற்றர் விலகும், 2 பாகைக்கு அரைச் சென்ரிமீற்றர். உயரத்தை 7 செ.மீ.க்கும் பின்தூரத்தை 6 செ.மீ.க்கும் இறக்கினால் நடுக்கம் கண்முன்னே குறையும்.

இன்னொன்று: போன் படத்தை எப்போதும் கமெராக் காட்சிக்கு மேலேயே வரையும். பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய தனிச்சோடியும் முன்னால் தெரியும், ஆழம் குழம்பும். அதற்கு அதே அளவில் கண்ணுக்குத் தெரியாத பந்துகளை வலைப்பக்கத்தில் போட்டு, அவற்றுக்கு நிறம் எழுதுவதை நிறுத்தி ஆழத்தை மட்டும் எழுத விடுங்கள், வரையும் வரிசையில் அவை முதலில் வர வேண்டும். அப்போது உண்மைப் பந்து படத்தை மறைப்பதுபோல இருக்கும். விரல் மட்டும் மறைக்காது, விரலுக்கு மேலால்தான் படம் தெரியும். அதைத் திருத்த இந்த முறையில் வழியில்லை.

முப்பரிமாணமாக அச்சிட்டு எடுத்த மாதிரியுருவில் மார்க்கர் ஒட்டி, அதன்மேல் மின்புலத்தை வரைந்து காட்டும் வேலையை அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிலையத்தில் ஆர்தர் ஓல்சன் குழுவினர் 2005 இலேயே புரதங்களுக்குச் செய்து வெளியிட்டார்கள். அன்றைக்கு அதற்குக் கணினியும் வீடியோக் கமெராவும் தேவைப்பட்டன. இன்றைக்கு அந்த இரண்டும் ஒரு போனுக்குள் இருக்கின்றன.


கிளி_இரசாயனம்

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கவராயக் கணக்கு அப்படியே வந்தது, நாலாவது புள்ளியில் அரை மில்லிமீற்றர்தான் பிழை.

இரண்டு இடத்தில் நிற்கிறேன். மடிக்கணினியில் பக்கத்தை ஓடவிட்டு, போன்களை அதன் வைஃபையில் இணைத்து முகவரியைத் திறந்தால் பக்கம் வருகிறது, கமெரா வரவில்லை. மடிக்கணினியில் திறந்தால் கமெரா வேலை செய்கிறது. மற்றது, படம் எல்லாப் பக்கமும் கொஞ்சம் சின்னதாய் நிற்கிறது. 0.667 தான் போட்டிருக்கிறேன்.


பதில் 3: மார்க்கர்_சதுரம்

கமெரா: உலாவிகள் பாதுகாப்பான இணைப்பில் (எச்.ரி.ரி.பி.எஸ்.) மட்டுமே கமெராவைத் திறக்க விடும். பக்கம் ஓடுகிற அதே கருவிக்கு மட்டும் விலக்கு உண்டு, அதனால்தான் மடிக்கணினியில் வேலை செய்தது. மடிக்கணினியை விட்டுவிடுங்கள். கோப்புகளைக் கிட்ஹப் பேஜஸில் ஏற்றுங்கள், இலவசம், பாதுகாப்பான இணைப்பும் தானாகவே வரும். வலைப்பக்கத்தில் ஒரு சேர்விஸ் வேர்க்கர் (பின்னணியில் ஓடும் சிறு நிரல்) எழுதி நூலகங்கள், ஜிஎல்பி கோப்புகள் எல்லாவற்றையும் போனிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். நூலகங்களை வெளித்தளத்திலிருந்து இழுக்காமல் உங்கள் கோப்புறைக்குள்ளேயே பிரதி வையுங்கள். ஒன்றைத் தவறவிட்டாலும் சிக்னல் இல்லாத இடத்தில் வெறும் வெள்ளைத் திரைதான். வீட்டில் சிக்னல் உள்ள நேரம் ஐந்து போனிலும் ஒருமுறை திறந்து, பிறகு விமானப் பயன்முறையில் போட்டு மீண்டும் திறந்து சோதித்தால் பாடசாலையில் பயமில்லை. ஐபோனில் ஒரு கிழமை திறக்காமல் விட்டால் சேமித்தது அழிந்துவிடலாம், பாடத்துக்கு முதல்நாள் திறந்து பாருங்கள்.

சின்னதாய் நிற்பது: மார்க்கரை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். அச்சிடும்போது "பக்கத்துக்குப் பொருத்து" என்று இருந்திருந்தால் 6 செ.மீ. 5.6 ஆகியிருக்கும். போனுக்கு அது எப்போதும் 1 அலகுதான், எனவே படம் முழுவதும் கிட்டத்தட்ட 7 சதவீதம் சுருங்கும். 100 சதவீதத்தில் திரும்ப அச்சிடுங்கள். அச்சிட வசதியில்லாவிட்டால் அளவை 4 ÷ 5.6 = 0.714 ஆக மாற்றி, உயரத்தையும் பின்தூரத்தையும் 5.6 ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.


பதில் 4: நியூமன்_எறியம்

தனிச்சோடியோடு நிற்காமல் எதேனையும் செய்யுங்கோ. இந்த முறைக்கு எதேன் மாதிரிப் பொருந்துவது வேறில்லை, ஏனென்றால் இங்கே பிள்ளையின் கை திருப்பும் அளவுக்குத் திரையில் சக்தி மாறும்.

காபன்-காபன் குச்சி சுழல வேண்டும். குடிக்கும் குழாயில் ஒரு துண்டைப் பின்காபனுக்குள் பி.வி.ஏ. பசையால் ஒட்டி, முன்காபனில் இறுக்கிய சைக்கிள் கம்பியை அந்தக் குழாய்க்குள் விடுங்கோ. கம்பி குழாய்க்குள் லேசாக உரச வேண்டும், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். தளர்வாய் இருந்தால் கம்பியில் ஒரு சுற்று ஒட்டுநாடா.

இரண்டு மார்க்கர், ஒவ்வொரு காபனுக்கும் ஒன்று. குச்சிக்குச் சமாந்தரமாய்க் கொடிபோல ஒட்டினால் சரிவராது: திருப்பும்போது ஒரு மார்க்கர் கமெராவிலிருந்து முகம் திரும்பி, 60, 70 பாகை தாண்டியதும் வாசிக்க முடியாமல் போகும். நியூமன் எறியத்தில் பார்ப்பதுபோல, குச்சியின் நீளத்துக்கு நேரே கமெராவை வையுங்கோ. முன்காபனின் முகத்தில் ஒரு மார்க்கர். பின்காபனுக்குப் பின்னால் ஒரு அட்டைக் கை, அதன் நுனியில் மற்ற மார்க்கர். இரண்டும் எப்போதும் கமெராவைப் பார்த்தபடியே சுழலும்.

அளவு முக்கியம். முன் மார்க்கர் 3.5 செ.மீ., வெள்ளை விளிம்பு 4 மில்லிமீற்றர். 4 செ.மீ. ஆக்கினால் அட்டையின் மூலை ஐதரசனில் முட்டும், ஏனென்றால் ஐதரசன் பந்தின் உட்பக்கம் அச்சிலிருந்து 3.15 செ.மீ. இல் தொடங்குகிறது. பின் மார்க்கர் 4 செ.மீ., அதன் நடு அச்சிலிருந்து 9 செ.மீ. இல். 8 போதும்போலத் தோன்றும். ஆனால் பின்பக்கம் போனுக்குத் தூரம், அதனால் சிறிதாய்த் தெரியும்: 40 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால் 6 செ.மீ. இல் தொடங்கும் மார்க்கர் 4.9 இல் தொடங்குவதுபோல வந்து, 5.15 வரை நீளும் முன் ஐதரசனுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். மார்க்கரின் ஒரு மூலை மறைந்தாலும் போன் அதைத் தவறவிடும்.

இரண்டு மார்க்கரும் சுழன்ற கோணங்களின் வித்தியாசம்தான் இருமுகக் கோணம். சக்தி = 6 × (1 + கோசைன்(3 × கோணம்)), மோலுக்குக் கிலோயூலில். 0 பாகையில் (ஐதரசன்கள் ஒன்றையொன்று மறைத்த நிலை) 12, 30 பாகையில் 6, 60 பாகையில் பூச்சியம். இதை ஒரு நிரலாய் (நிமிர்ந்த பட்டையாய்) திரையின் ஓரத்தில் வரைந்தால் போதும், அணு எதையும் வரைய வேண்டாம். பிள்ளை திருப்பத் திருப்ப நிரல் ஏறி இறங்கும், ஒரு முழுச் சுற்றில் மூன்று தரம். மார்க்கர் நடுங்குவதால் எண் சில பாகை துள்ளும். கமெராவின் கடைசி 10 படச்சட்டங்களின் சராசரியை எடுங்கோ. கோணங்களைச் சராசரி எடுக்கும்போது 359உம் 1உம் சேர்ந்து 180 ஆகிவிடும், ஆகவே சைனையும் கோசைனையும் தனித்தனியே சராசரியாக்கி அதிலிருந்து கோணத்தை எடுக்க வேண்டும்.

தொடங்கும்போது ஒருமுறை, கையால் ஐதரசன்களை நேருக்கு நேர் வைத்து அந்த வித்தியாசத்தைப் பூச்சியமாய்ப் பதியுங்கோ. மார்க்கரைச் சரியான கோணத்தில் ஒட்டுவதைவிட இது லேசு.


பதில் 5: ஈர்க்கில்கட்டு

நியூமன் சொன்னது மிக நல்ல வேலை. நான் எதிருருக்களைப் (ஒன்றுக்கொன்று கண்ணாடி விம்பமாய் இருக்கும் மூலக்கூறுகளை) பற்றி ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே வரும் பிழை கண்ணுக்குத் தெரியாது.

இலற்றிக் அமிலத்தின் இரண்டு எதிருருக்களையும் ஈர்க்கிலில் செய்து, ஒன்றின்மேல் மற்றது பொருந்தாது என்று கையால் காட்டலாம். போன் அதன்மேல் முன்னுரிமை எண்களை (ஐதரொட்சில் 1, காபொட்சில் 2, மெதைல் 3, ஐதரசன் 4) எழுதிச் சுற்றும் திசையைக் காட்டலாம். ஆனால் போனின் முன்கமெராவோ மடிக்கணினியின் வீடியோச் செயலியோ படத்தை இடம்வலமாய்ப் புரட்டிக் காட்டினால், திரையில் தெரிவது மற்ற எதிருரு. மார்க்கரும் புரண்டால் சிலவேளை வாசிக்கப்படாது, அது நல்லது. ஆனால் கணித்து முடித்த காட்சியைக் கடைசியில் மட்டும் புரட்டுகிற செயலியில் எல்லாம் சரியாய் நடப்பதுபோலவே இருக்கும். பிளெண்டரில் ஏதாவது ஒரு அச்சின் அளவு -1 ஆக இருந்தாலும் இதே கதை.

சோதனை லேசு. பலகையின் ஓரத்தில் பெரிதாய் "ழ" என்று எழுதி ஒட்டுங்கோ. திரையில் அது தலைகீழாய்த் தெரிந்தால் பரவாயில்லை, பலகையைத் திருப்பலாம். கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தெரிந்தால் அந்தத் திரையைப் பாவிக்க வேண்டாம். பிளெண்டரின் பிழையை இது பிடிக்காது. அதற்குப் படத்தில் நாலு தொகுதிகளுக்கும் நிறம் கொடுத்து, ஒவ்வொரு நிறமும் கையிலிருக்கும் பந்தின் மேலேயே விழுகிறதா என்று பாருங்கோ. மூன்று விழுந்து ஒன்று விழாமல் போக முடியாது. எதிருரு பிழைத்தால் குறைந்தது இரண்டு நிறமாவது இடம் மாறி நிற்கும்.

34 பேருக்கு 5 போன் என்றால் 5 மேசை, மேசைக்கு 6 அல்லது 7 பேர். போனைக் கையில் கொடுக்காமல் 30 செ.மீ. உயரத் தாங்கியில் 45 பாகை சரித்து வைத்துவிடுங்கோ, நடுக்கமும் குறையும், ஆறு பேரும் பார்க்கலாம். தாங்கியை அரைச்சுவர்ப் பக்கம் முதுகு காட்டி வைக்க வேண்டாம், கமெரா வெயிலைப் பார்க்கும். பந்தைப் பார்த்து, தனிச்சோடி எங்கே நிற்கும் என்று முதலில் கொப்பியில் கீறட்டும். கீறி முடியும்வரை போனின்மேல் ஒரு துணி. மத்தியானப் பாடம் என்றால் போன் சூடாகிப் படம் விட்டு விட்டு வரும், ஒரு மேசைக்கு ஐந்து நிமிடம் ஓடவிட்டு மூடுங்கோ.


கிளி_இரசாயனம்

100 சதவீத அச்சில் படம் பந்தின்மேல் சரியாய் உட்கார்ந்துவிட்டது. எதேன் கை வெட்டியாகிவிட்டது.

அமோனியாவையும் நைதரசன் முப்புளோரைட்டையும் ஒரே நைதரசன் பந்தில் மாற்றி மாற்றிப் பூட்டி, இருமுனைத் திருப்புதிறனை அம்புக்குறியாய்க் காட்டப் பார்க்கிறேன். 1 டிபாய் (திருப்புதிறனின் அலகு) = 3 செ.மீ. என்று போட்டேன். அமோனியாவின் அம்பு (1.47) தெரிகிறது. மற்றதில் (0.23) அம்பே இல்லை. கோப்பில் இருக்கிறது.


பதில் 6: மார்க்கர்_சதுரம்

உங்கள் எண்கள் சரி. 0.23 × 3 = 0.7 செ.மீ. அம்பு நைதரசனின் மையத்திலிருந்து தொடங்குகிறது, பந்தின் ஆரை 1.5 செ.மீ. கண்ணுக்குத் தெரியாத மறைப்புப் பந்து முழு அம்பையும் விழுங்கிவிடுகிறது. அமோனியாவில் 4.4 செ.மீ. அம்பின் முன்பகுதி வெளியே வருவதால் தெரிகிறது, ஆனால் அதிலும் 1.5 செ.மீ. மறைந்துதான் நிற்கிறது, பிள்ளைகள் அதை 2.9 என்று அளப்பார்கள்.

இரண்டு அம்பையும் அச்சுக்குச் சமாந்தரமாய், மூலக்கூறுக்கு வெளியே 6 செ.மீ. பக்கவாட்டில் நகர்த்துங்கள். அளவுத்திட்டத்தை மாற்ற வேண்டாம், 4.4உம் 0.7உம் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதுதான் தேவை. திசையையும் பாருங்கள்: அமோனியாவில் அம்பு தனிச்சோடிப் பக்கம் போக வேண்டும், அங்கே பிணைப்புகளின் முனைவுத்தன்மையும் தனிச்சோடியும் ஒரே திசையில் கூடுகின்றன. நைதரசன் முப்புளோரைட்டில் அம்பு புளோரீன் பக்கம், தனிச்சோடி எதிர்த் திசையில் இழுப்பதால்தான் இவ்வளவு சின்னதாகிறது. தனிச்சோடியின் நீளுருண்டை இரண்டிலும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

நைதரசன்-புளோரீன் 137 பிக்கோமீற்றர், 5.5 செ.மீ. புளோரீனுக்கு 2.5 செ.மீ. பச்சைப் பந்து எடுத்தால், 0.8 செ.மீ. செருக, குச்சி 4.5 செ.மீ.